இடப்பக்கம் இருண்ட பதினோரு நிமிடம்

அத்தியாயம் 9

“சோஃபா வாங்கறதா இருந்தா உட்காருங்க. இல்லேன்னா எழுந்திருங்க” என்றார் ஷோரூம் மேனேஜர்.

நான் எழுந்துவிட்டேன். சித்தி எழவில்லை. மூன்று பேர் உட்காரும் சோஃபாவின் நட்டநடுவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேனேஜரை ஓர் எழுத்துப் பிழையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சித்தி முப்பத்து மூன்று வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். கொலைகாரர்களும் சாட்சிகளும் சொன்ன பொய்களை எல்லாம் மூன்று நகல் வீதம் அடித்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியக் கிளம்பிவிட்டார். கார் ஓட்ட ஒரு ஆள், வாயடிக்க ஒரு ஆள், திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா மகனான என்னைச் சேர்த்துக்கொண்டார். மூன்றில் மூன்றாவது வேலைதான் எனக்கு அதிகம்.

“பேட்டி எடுக்க வந்திருக்கோம் சார்” என்று கேமராவைக் காட்டினேன். “அகலத்திரை நினைவுகள். ஐயாதான் வரச் சொன்னார்.”

“அஞ்சு மணிக்குப் பலகை திறப்பு. நாலரைக்கு இடத்தைக் காலி பண்ணணும். எதையும் தொடக் கூடாது.”

“மூச்சு விடலாமா?”

“டேய்” என்றார் சித்தி. நான் கேமராவைத் தாங்கியில் மாட்டினேன். மணி மூன்று பத்து.

கட்டிலும் பீரோவும் விற்கும் இந்தக் கூடம் ஒரு காலத்தில் தியேட்டர். மூன்று மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடி, ஒரே பெரிய படத்தை வளைந்த திரையில் காட்டிய தியேட்டர். அப்படி ஒன்று இந்த ஊரில் மட்டுமல்ல, இந்த நாட்டிலேயே வேறு கிடையாது. கூடத்தின் பின்சுவரில் மூன்று ஆபரேட்டர் அறைகள். திரையைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலது கைப் பக்கம் ஒன்று. அறைக்கு ஒரு ஆபரேட்டர்.

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பகல் காட்சியில், நடு அறையின் தலைமை ஆபரேட்டர் வலது அறை வாசலில் இருக்கும் படிக்கட்டின் அடியில் மண்டை பிளந்து கிடந்தார். வலது அறைக்காரரைப் பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் லாக்கப்பிலேயே அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்கள். தியேட்டரும் அந்த மாதமே மூடப்பட்டு, மெஷின்கள் வந்த கப்பலிலேயே திரும்பிப் போயின.

மிஞ்சியவர் இடது அறைக்காரர் ஒருவர்தான். இன்றைக்கு அவரை எல்லோரும் ‘அகலத்திரை ஐயா’ என்கிறார்கள். புத்தகம் எழுதியிருக்கிறார், கூட்டங்களில் பேசுகிறார். இப்போது தன் செலவிலேயே ஒரு பித்தளைப் பலகை செய்து வந்திருக்கிறார். அதில், தலைமை ஆபரேட்டர் தன் சக ஆபரேட்டரால் கொல்லப்பட்ட இடம் இது என்றும், கொன்றவர் பெயர் இன்னது என்றும் பொறித்திருக்கிறது.

அந்தப் பெயருக்குரியவரின் மகள் எங்களுடன் வந்திருந்தார். தையல் கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணப் பேச்சு வரை கொலைகாரன் மகள் என்ற பேரோடே வளர்ந்தவர். “வாயால சொன்னதைப் பொறுத்துக்கிட்டேன். பித்தளையில வெட்டிச் சுவத்துல அடிச்சா, நான் செத்த பிறகும் அது இருக்கும்” என்று சொல்லித்தான் சித்தியிடம் வந்தார். இப்போது கழுத்தில் அளவு டேப் தொங்க, கையில் மைக்கைப் பிடித்து நின்றார். ஐயாவுக்கு அவரை அடையாளம் தெரிய வழியில்லை.

ஐயா வந்தார். எழுபத்தெட்டு வயது, கஞ்சி போட்ட சட்டை, சட்டையைவிட விறைப்பான முகம்.

“கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க யாரு? இந்தத் தடியனா?”

“நான் கேமரா மட்டும்தாங்க. மூளை அங்க சோஃபாவுல உட்கார்ந்திருக்கு.”

அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி அவரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே இருவருக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

“முதல்ல இருந்து சொல்லுங்க. அகலத்திரைன்னா என்ன?” என்றார் சித்தி.

கரும்பலகை இல்லாத குறைக்கு, ஐயா தானே வரைந்த ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார். அதை ஒரு அலமாரிக் கதவில் மாட்டிவிட்டுத் தொடங்கினார். பொல்லாத மனிதர்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு. சாதாரணப் படத்துலேயே மேலயும் கீழயும் மறைச்சுட்டு, அகலம்னு பேர் வெச்சுக்கறது. ஏமாத்து வேலை. இன்னொண்ணு, எடுக்கும்போதே லென்ஸால படத்தைப் பக்கவாட்டுல நசுக்கிடுவாங்க. பிலிமைக் கையில எடுத்துப் பார்த்தா மனுஷன் எல்லாம் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். தியேட்டர்ல வேற லென்ஸ் போட்டு விரிப்போம். சரியாயிடும்.”

“அந்த முதல் லென்ஸ் என் கல்யாண போட்டோவுக்குக் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றேன்.

“உனக்கு லென்ஸ் பத்தாது. இஸ்திரிப் பெட்டி வேணும்.”

சித்தி சிரித்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“எங்களோடது ராஜபாட்டை” என்று ஐயா தொடர்ந்தார். “மூணு கேமராவால எடுத்த மூணு பிலிம். மூணு மெஷின். திரை அரைவட்டமா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வளைஞ்சிருக்கும். ஒரே துணி கிடையாது. நூத்துக்கணக்கான நாடாவை நெட்டுக்குத்தா வரிசையா கட்டியிருப்போம். ஏன் தெரியுமா? வளைஞ்ச திரையாச்சே, ஒரு கோடியில விழற வெளிச்சம் எதிர்க் கோடிக்குத் தெறிச்சுப் படத்தை வெளுக்க வெச்சிடும். நாடாவா இருந்தா தெறிக்கிற வெளிச்சம் பின்னால போயிடும். ரெண்டு படம் சேர்ற இடத்துல கோடு தெரியக் கூடாதுன்னு மெஷினுக்குள்ள சீப்பு மாதிரி ஒரு பல் வேகமா ஆடிக்கிட்டே இருக்கும். அப்பவும் தெரியும். ஒரு குதிரை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஓடினா, நடுவுல ஒரு வினாடி அதுக்கு ஆறு கால்.”

“படம் அறுந்தா?” என்றார் சித்தி.

ஐயாவின் முகம் மாறவில்லை. இந்தக் கேள்விக்கு நாற்பத்தாறு வருடமாகப் பதில் சொல்லிப் பழகியவர்.

“மத்த தியேட்டர்ல அறுந்தா, கெட்டுப்போன கட்டத்தை வெட்டி எறிஞ்சுட்டு ஒட்டுவான். இங்க அப்படிப் பண்ணினா ஒழிஞ்சோம். மூணும் ஒரே நேரத்துல ஓடணும். நான் பத்துக் கட்டம் வெட்டினா, என் பக்கத்துப் படத்துல இருக்கிறவன் அரை வினாடி முன்னாடியே நடந்து போயிடுவான். அதனால எத்தனை கட்டம் வெட்டறோமோ அத்தனை கறுப்புக் கட்டம் எண்ணி ஒட்டணும். ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது. அதுக்குள்ள மத்த ரெண்டு மெஷினும் ஓடிக்கிட்டே இருக்கும். பிலிம் ஓரத்து நம்பர் பார்த்து நகர்த்திப் போய் அதுங்களோட சேரணும்.”

“அன்னிக்கு அறுந்தது உங்க படம்.”

“என் படம். மூணு இருபதுக்கு அறுந்தது. மூணு முப்பத்தொண்ணுக்குச் சேர்ந்தது. அந்தப் பதினோரு நிமிஷம் திரையில இடப்பக்கம் இருட்டு. பார்த்த பத்தொன்பது பேர் போலீஸ்ல சாட்சி சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துலதான் வலது அறைக்காரன் எங்க சீஃபைப் படியில தள்ளினான்.”

தையல்காரம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை கறுப்புக் கட்டம் வெச்சீங்க?” என்றார் சித்தி.

“நாப்பத்தாறு வருஷம் கழிச்சு அதை யார் ஞாபகம் வெச்சிருப்பா?”

சித்தி கைப்பையைத் திறந்து ஒரு தகர மூடியை எடுத்தார். பிலிம் ரீல் வைக்கும் வட்டப் பெட்டியின் மூடி. தியேட்டர் மூடியபோது, இறந்தவரின் சாமான் என்று அவர் மனைவியிடம் ஒரு சட்டையோடும் செருப்போடும் கொடுத்துவிட்ட பெட்டி அது. உள்பக்கம் ஆணியால் கீறி எழுதியிருந்தது. ‘அறுந்தது 3.20. கறுப்பு 64. சேர்ந்தது 3.31.’

“இதுவும் அதே பதினோரு நிமிஷம்தான்” என்றார் சித்தி. “ஆனா இது வலது அறை பெட்டி. வெளியில அச்சு இருக்கு பாருங்க. ஒரே பதினோரு நிமிஷத்துக்கு ரெண்டு சொந்தக்காரங்க. இருண்டது ஒரு பக்கம்தான். அப்ப ஒருத்தர் பொய்.”

ஐயாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “பேட்டின்னு சொல்லிட்டு வந்து விசாரணையா? அவன் என் நேரத்தைப் பார்த்து எழுதி வெச்சிருப்பான். இருண்டது இடப்பக்கம். நான் இருந்தது இடது அறை. குழந்தைக்குக்கூடப் புரியும்.”

“குழந்தைக்குப் புரியும். அதான் போலீசுக்கும் புரிஞ்சுது” என்றார் சித்தி. “டேய், இடது அறைக்குப் போ.”

“அது மெத்தை ஸ்டாக் ரூம்! யாரும் போகக் கூடாது!” என்று மேனேஜர் ஓடி வந்தார். நான் அதற்குள் போய்விட்டேன். உள்ளே கூரை வரை மெத்தைகள். ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டேன். ஏழாவது மெத்தை மேனேஜர் மேல் விழுந்தது. வேண்டுமென்று போடவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

மெத்தைகளுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. பலகையை நெம்பியதும் படம் போகிற ஓட்டை. நான் ஏதோ ஜன்னல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தீ பரவாமல் இருக்க இரண்டடி தடிமனுக்குக் கட்டிய கான்கிரீட் சுவரில், ஒரு முழ அகலத்தில் நீண்ட பொந்து. கண்ணை வைத்துப் பார்த்தேன்.

“சித்தி! இங்கேருந்து பார்த்தா அலமாரி தெரியலை.”

ஐயாவின் படம் மாட்டிய அலமாரி, கூடத்தின் இடது ஓரத்தில் இருந்தது.

“என்ன தெரியுது?”

“தொட்டில்.”

தொட்டில் வரிசை கூடத்தின் வலது கோடியில் இருந்தது.

சித்தி விற்பனைக்கு வைத்திருந்த ஜன்னல் திரைகளிலிருந்து ஒரு திரைச்சீலைக் கம்பியை உருவினார். பன்னிரண்டு அடிக் கம்பி. “பில் போடணும்!” என்று மெத்தையின் அடியிலிருந்து மேனேஜர் கத்தினார். சித்தி கம்பியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தார். “நீங்களே விடுங்க.”

அவர் மைக்கை என்னிடம் தந்துவிட்டு, கம்பியைப் பொந்தில் நுழைத்தார். நேராகத் தள்ளப் பார்த்தார். போகவில்லை, கான்கிரீட்டில் இடித்தது. பொந்து போகும் போக்கிலேயே தள்ளினார். கம்பி சறுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் நீட்டியது. வெளியே வந்து பார்த்தோம். சுவரிலிருந்து சாய்வாக நீண்டிருந்த கம்பியின் நுனி, நூல் பிடித்ததுபோல் வலது கோடித் தொட்டில்களைக் காட்டியது.

“மூணு வெளிச்சமும் நேரா போகலை” என்றார் சித்தி. “இடது அறை வெளிச்சம் குறுக்கே போய் வலது பக்கம் விழும். வலது அறை வெளிச்சம் இடது பக்கம் விழும். ஐயா, நீங்களே சொன்னீங்களே, திரை அரைவட்டம்னு. இடது கோடி எந்தப் பக்கம் பார்த்து வளைஞ்சிருக்கும்? வலது அறையைப் பார்த்து. நேரா அடிச்சா வெளிச்சம் அதுல வழுக்கிட்டுப் போயிடும். முகம் பார்க்கணும்னா எதிர்ப்பக்கத்துலேருந்துதான் அடிக்கணும்.”

எனக்கு அப்போதுதான் அலமாரிக் கதவில் மாட்டிய படம் உறைத்தது. அதில் மூன்று கோடுகளும் ரயில் தண்டவாளம்போல் நேராக இருந்தன. அவருடைய புத்தகத்தின் அட்டையிலும் அப்படித்தான். ஆடுகிற பல்லை வரைந்தவர், நாடாவை எண்ணி வரைந்தவர், வெளிச்சம் போகும் வழியை மட்டும் நாற்பத்தாறு வருடமாகத் தப்பாகவே வரைந்து வந்திருக்கிறார்.

“இது குறுக்கே போகும்னு தெரிஞ்சவங்க ஊர்ல மூணு பேர்” என்றார் சித்தி. “ஒருத்தர் படிக்கட்டுல போயிட்டார். ஒருத்தர் லாக்கப்புல போயிட்டார்.”

ஐயா ஒரு சாய்வு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதிலும் விலைச்சீட்டு தொங்கியது.

“வயசாச்சு. இடது வலது குழம்பியிருக்கும்.”

“தாராளமா குழம்பலாம். எனக்கே குழம்பும். அப்ப இப்பவே சரியா சொல்லிடுங்க. உங்க வெளிச்சம் எந்தப் பக்கம்? இடதுன்னா, கம்பி பொய்னு சொல்லுங்க. வலதுன்னா, அன்னிக்கு உங்க பக்கம் இருளவே இல்லை. உங்க மெஷின் ஜம்னு ஓடிக்கிட்டிருந்தது. ஒரு ரீல் எவ்வளவு நேரம் ஓடும்?”

ஐயா நாற்காலியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“புத்தகத்துல அம்பது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. ஆள் இல்லாமலே ஓடும். சீஃப் எதுக்கு நடு அறையை விட்டு வந்தார்? படம் அறுந்தவனுக்குக் கை கொடுக்க. அதான் வலது அறை வாசலுக்கு வந்தார். அங்க உங்களுக்கும் அவருக்கும் என்ன தகராறு?”

“ஒரு தகராறும் இல்லை!”

“வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒருத்தரைத்தான் அனுப்பறதா இருந்தாங்க. சீஃப் வலது அறைக்காரரை எழுதிட்டார், உங்களை இல்லை. சரியான ஆளைத்தான் எழுதியிருக்கார். உங்க மூணு பேர்ல நல்ல ஆபரேட்டர் அவர்தானே?”

இதைச் சித்தி அலட்சியமாகச் சொன்னார். போகிற போக்கில் குப்பையைத் தள்ளுவதுபோல் சொன்னார். ஐயாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. விரலை நீட்டிக்கொண்டு சித்தியின் முகத்துக்கு நேரே வந்தார்.

“நல்ல ஆபரேட்டரா அவன்? கதவுக்கு வெளியில ஒரு ஆள் படியில உருண்டு விழறான், அந்தச் சத்தம்கூட காதுல விழாம, குனிஞ்ச தலை நிமிராம கறுப்புக் கட்டத்தை எண்ணிக்கிட்டிருந்தான், முட்டாள்! அம்பத்தொண்ணு, அம்பத்திரண்டுன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டு...”

நிறுத்திக்கொண்டார். ஆனால் நிறுத்த வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

நான் கேமராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“டேய், ரிக்கார்டு ஆச்சா?”

“ஆச்சு சித்தி.”

“இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. மேனேஜர், முன்வாசலைப் பூட்டுங்க.”

மேனேஜர் முதல் தடவையாகச் சொன்னதைச் செய்தார். ஐயா விலைச்சீட்டு தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “யாரு நீங்கல்லாம்? நாப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப் போகுது?” என்றார். குரலில் வருத்தம் துளியும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

தையல்காரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜரிடம் கேட்டார்.

“வலது அறை எங்க இருக்கு?”

“அது எங்க சாப்பாட்டு ரூம்மா. திறந்துதான் இருக்கு.”

நானும் பின்னால் போனேன். நான்கு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர்க் குடம், சுவரில் ஒரு காலண்டர். காலண்டரை நகர்த்தினால் அதே போன்ற பொந்து, இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்து. அவர் அதில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் இடது கோடி மட்டும்தான் தெரியும்.

“அந்த டப்பாவுல அம்மா உப்பு போட்டு வெச்சிருந்தா” என்றார், கண்ணை எடுக்காமலே. “தினமும் மூடியைத் திறப்பேன். 3.20, 64, 3.31. ஏதோ பழைய கிறுக்கல்னு நினைச்சு அதையே பார்த்து வளர்ந்திருக்கேன். அவர் எங்க இருந்தார்னு அதுலயே எழுதி வெச்சிருக்கார்.”

பிறகு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, “இங்கதான் இருந்திருக்கார்” என்றார். அதை இன்னொரு தடவையும் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நாலரைக்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. ஐயாவை எழுப்பி நடத்திக்கொண்டு போனபோது, வாசல் மேஜையில் துணி மூடி வைத்திருந்த பித்தளைப் பலகையைத் தையல்காரம்மா எடுத்தார். கனமான பலகை. இரண்டு கையாலும் தூக்கி, அப்பாவின் பெயர் வெட்டிய பக்கத்தைத் தன் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெறும் பக்கத்தை அவரிடம் காட்டினார்.

“இந்தப் பக்கம் காலியா இருக்கு. உங்க பேரை வெட்டச் சொல்லிடறேன்.”

அஞ்சு மணிக்கு வந்த கூட்டத்தை மேனேஜர் வாசலிலேயே நிறுத்தி, இன்றைக்குத் திறப்பு இல்லை என்று எரிந்து விழுந்தார். எங்களிடம் திரைச்சீலைக் கம்பிக்கு பில் நீட்டினார். சித்தி அதை வாங்கி, ஒருமுறை படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி என்னிடம் கொடுத்தார்.